தன் வேகம் அறிதல்

திருவண்ணாமலை நகரம் அண்ணாமலை என்னும் மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ளது. மலையின் உயரம் 2,668 அடி. அதனைச் சுற்றிச் செல்லும் பாதைக்குக் கிரிவலப் பாதை என்று பெயர். அதன் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். பெரிய கோயிலின் கிழக்குக் கோபுரத்தின் முன்னிருந்து புறப்படுவோர், மலையை எப்பொழுதும் வலக்கைப் பக்கமாகக் கொண்டு தெற்கே சென்று, மேற்கே திரும்பி, வடக்கு வழியாகச் சுற்றி, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்வர். எண்திசைக்கு ஒன்றாக இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் வரை எட்டு இலிங்கக் கோயில்கள் வழியில் உள்ளன. வழிநடப்போர்க்கு அவை வழிபடும் இடங்கள். அதனோடு, எவ்வளவு வந்தோம், இன்னும் எவ்வளவு செல்ல வேண்டும் என்று காட்டும் அடையாளங்களும் ஆகும்.

மேற்கே வருணலிங்கத்தைக் கடந்து வாயுலிங்கத்தை அடையுமுன் இருப்பது அடி அண்ணாமலை என்னும் சிற்றூர். ஆதி அருணாசலேசுவரர் கோயில் இவ்வூரில்தான் உள்ளது. நகரத்துப் பெரிய கோயிலுக்கும் இதற்கும் இடையே மலை நிற்கிறது. ஆதலின், வலம் வருவோர் ஏறத்தாழப் பாதி வழியை இவ்வூரில் உணர்கின்றனர். கால்களில் முதற் களைப்புத் தோன்றுவதும், பேச்சுக் குறைவதும், வழியோரத்தில் அமர்ந்து இளைப்பாறுவதும் பெரும்பாலும் இப்பகுதியிலேதான்.

மலையை வலம் வருவோர் விரைந்து நடக்கலாகாது என்பது மரபு. நிறைமாதக் கருவுற்ற அரசி எவ்வாறு அடிமேல் அடி வைத்து நடப்பாளோ, அவ்வாறு நடக்க வேண்டும் என்று பெரியோர் கூறுவர். அந்த நடைக்கு ஒரு சுற்று முடிய மூன்றரை மணி முதல் நான்கு மணி நேரம் வரை ஆகும். அதே நான்கு மணி நேரத்தில் அதே பாதையை மூன்று முறை சுற்றி வருபவர்களும் உலகில் உள்ளனர். அவர்கள் மாரத்தான் ஓட்டக்காரர்கள். மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். மூன்று சுற்றுக்கு 42 கிலோமீட்டர்; எஞ்சுவது 195 மீட்டர். பெரிய கோயிலின் இராசகோபுரம் 217 அடி உயரமுள்ளது. அதனை மும்முறை படுக்கவைத்தால் எவ்வளவு நீளமோ, ஏறத்தாழ அவ்வளவே இந்த மீதி.

இத்தொலைவு இவ்வாறு ஒழுங்கற்ற எண்ணாக அமைந்தது ஒரு தற்செயல். 1896ஆம் ஆண்டில் ஏதென்சு நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் போட்டியில் மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டராகவே இருந்தது. 1908இல் இலண்டனில் நடந்த போட்டியில், வின்சர் அரண்மனையில் தொடங்கி விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினர் அமர்ந்திருந்த இடத்தின் முன்பு முடியுமாறு பாதை வகுத்தனர். அது 26 மைல் 385 கெசம் ஆயிற்று. 1921இல் அதுவே நிலையான அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இவ்வளவு தொலைவையும் ஒருவர் இடைவிடாது ஓடி முடிக்க வேண்டுமாயின், அவர் முதலில் அறிய வேண்டுவது தம்முடைய வேகத்தை. இயற்பியல் நூலில் வேகம் என்பது ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோமீட்டர் என்று கூறப்படும். ஓட்டக்காரர்களின் கணக்கோ தலைகீழானது. ஒரு கிலோமீட்டரை ஓடி முடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்றே அவர்கள் கேட்பர். அதனைக் கிலோமீட்டர் நேரம் என்று இங்கே குறிக்கலாம். நேரம் மிகுந்தால் வேகம் குறைவு. நேரம் குறைந்தால் வேகம் மிகுதி. இக்கணக்கு ஓடுபவருக்கு எளியது. ஒவ்வொரு கிலோமீட்டரின் முடிவிலும் கடிகாரத்தைப் பார்த்து, தாம் கருதியபடி செல்கிறோமா என்பதை உடனே அறியலாம் அன்றோ?

நான்கு மணி நேரத்தில் மாரத்தான் ஓட்டத்தை முடிப்பது புதியவர் பலர் கொள்ளும் குறிக்கோள். 240 நிமிடத்தை 42.195ஆல் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி என்று விடை வரும். அண்ணாமலையை ஒரு முறை சுற்ற 79 நிமிடம் 38 விநாடி. மூன்று சுற்றுக்கும் மீதி 195 மீட்டருக்கும் சேர்த்துச் சரியாக நான்கு மணி. வகுத்தல் கணக்கு அறிந்த எவரும் இதனைச் செய்துவிடலாம். ஆயினும், ஏட்டில் வந்த விடை காலுக்கு ஒத்துவருமா என்பது வேறு வினா. குறிக்கோளின் வேகம் ஒன்று. தன்னுடைய வேகம் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதாலேயே பலர் பாதி வழியில் துன்புறுகின்றனர்.

ஓட்டத்தின் தொடக்கத்தில் உடல் பொய் சொல்லும். இரவெல்லாம் உறங்கி எழுந்த தசைகளில் களைப்பு இல்லை. விடியற்காலைக் காற்று குளிர்ந்திருக்கிறது. உடன் ஓடுவோரின் காலடி ஓசை ஊக்கம் தருகிறது. அவ்வேளையில் 5 நிமிட வேகமும் எளிதாகத் தோன்றும். ஒருவர் முதற் சுற்றை 70 நிமிடத்தில் முடித்துவிட்டு, கிட்டத்தட்டப் பத்து நிமிடம் மிச்சம் பிடித்துவிட்டதாக மகிழ்கிறார் என்று கொள்க. இரண்டாம் சுற்று 78 நிமிடம் ஆகிறது. இன்னும் மிச்சம் உள்ளது. மூன்றாம் சுற்றில் கால்கள் கனக்கின்றன, ஓட்டம் நடையாகிறது, அச்சுற்றுக்கு மட்டும் 105 நிமிடம். முடிவில் அவர் நான்கு மணி நேரத்தைத் தாண்டிக் கால் மணி அளவு தாழ்ந்து வந்து சேர்கிறார். சேமித்த பத்து நிமிடத்திற்கு அவர் கொடுத்த வட்டி மிகக் கடுமையானது.

இதற்குக் காரணம் உடலின் எரிபொருள். ஓடும் தசைகள் இரண்டு வகை எரிபொருளைப் பயன்படுத்துகின்றன. ஒன்று, தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேர்ந்துள்ள சர்க்கரைப் பொருள். மற்றொன்று கொழுப்பு. கொழுப்பு யாருடைய உடலிலும் போதிய அளவு உண்டு. ஆனால் அது மெதுவாகவே எரியும். கிளைக்கோஜன் விரைந்து எரியும்; ஆனால் அதன் இருப்புச் சிறிது. ஏறத்தாழ 2,000 கலோரி தருமளவே அது உடலில் தங்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு ஏறக்குறைய 60 கலோரி செலவாகும். மாரத்தான் தொலைவு முழுவதற்கும் 2,500 கலோரிக்கு மேல் வேண்டும். இருப்புக்கும் தேவைக்கும் இடையே உள்ள குறையைக் கொழுப்பே நிரப்ப வேண்டும். மெல்ல ஓடுபவரின் உடலில் கொழுப்பின் பங்கு மிகுதி. வேகம் ஏற ஏறச் சர்க்கரையின் பங்கு மிகுந்துகொண்டே போகும். எனவே, தொடக்கத்தில் தகுதிக்கு மேல் விரைபவர் தம் சிறிய களஞ்சியத்தைக் காலையிலேயே காலி செய்துவிடுகிறார்.

களஞ்சியம் காலியாகும் இடம் பெரும்பாலும் 30ஆவது கிலோமீட்டரை ஒட்டியே வருகிறது. ஓட்டக்காரர்கள் அதனைச் சுவர் என்று குறிப்பிடுவர். சுவரில் மோதியவர்போல் கால்கள் திடீரென நின்றுவிடுவதால் அப்பெயர் வந்தது. கிரிவலப் பாதையில் கணக்கிட்டால், இரண்டு சுற்று முடித்து மூன்றாம் சுற்றில் இரமணாசிரமத்துப் பக்கம் வரும்பொழுது ஏறத்தாழ அத்தொலைவு ஆகியிருக்கும். அடி அண்ணாமலையை அடைய இன்னும் பல கிலோமீட்டர் இருக்கும். (இரமணர் இளைஞராகத் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்ததும் முதல் மாரத்தான் நடந்த அதே 1896ஆம் ஆண்டில்தான்.)

அந்த முதல் மாரத்தான் ஓட்டத்திலேயே இவ்வுண்மை வெளிப்பட்டது. ஆசுத்திரேலிய நாட்டு எட்வின் பிளாக் அப்போட்டியில் 800 மீட்டர், 1500 மீட்டர் ஆகிய இரண்டு ஓட்டங்களிலும் முன்னரே வென்றவர். பிரெஞ்சு நாட்டு இலெர்மூசியோ தொடக்கத்தில் எல்லாரையும் பின்தள்ளி விரைந்தார். ஆனால், அவர் 32ஆவது கிலோமீட்டர் அளவில் ஓட்டத்தைக் கைவிட்டார். அவருக்குப்பின் முதலிடம் பெற்ற பிளாக், முடிவுக்குச் சில கிலோமீட்டர் இருக்கும்பொழுது தளர்ந்து வீழ்ந்தார். கிரேக்க நாட்டு இசுபிரிடான் லூயிசு என்பவர் முதலில் பின்தங்கியே ஓடினார். தம் ஆற்றலைக் காத்துவைத்திருந்த அவர் 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் ஓடி முடித்து வெற்றி பெற்றார். குறுந்தொலைவில் சிறந்தவர் நெடுந்தொலைவில் தோற்றார். அவர் கால்களில் வலிமைக்குக் குறைவில்லை. குறையாக இருந்தது அளவே.

அங்ஙனமாயின், ஒருவர் தம்முடைய அளவை எவ்வாறு கண்டுகொள்வது? முதலில் தொலைவு ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும். பன்னாட்டு மாரத்தான் பாதைகளை இன்றும் மிதிவண்டி கொண்டே அளக்கின்றனர். முன்சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் சிறு கருவி ஒன்றைப் பொருத்தி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் வண்டியைச் செலுத்துவர். பாதை தப்பித்தவறியும் குறைந்துவிடாதிருக்க, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் கூட்டி வைப்பது வழக்கம். பள்ளி மாணவரும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். சக்கரம் ஒரு முறை சுழன்றால் எவ்வளவு தொலைவு செல்கிறது என்பதைத் தரையில் கோடு கிழித்து அளந்துகொள்க. அது 2.1 மீட்டர் எனின், 476 சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர். சக்கரத்தின் கம்பியில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டால் எண்ணுவது எளிது. ஊர் எல்லையிலுள்ள ஒரு புளியமரத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் அளந்து குறித்துக்கொண்டாலே போதும். அதுவே நல்ல பயிற்சிக் களம்.

அளந்த தொலைவில் ஓடிப் பார்த்த பின்னர் அடுத்த கணக்குத் தொடங்குகிறது. 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடும் ஒருவர், 20 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் ஓடிவிடுவார் என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அவ்வாறு இல்லை. பீட்டர் ரீகல் என்னும் அமெரிக்கப் பொறியாளர் பல ஓட்டங்களின் நேரங்களை ஒப்பிட்டு, 1977இல் ஒரு வாய்பாட்டை வெளியிட்டார். அதன்படி தொலைவு இரட்டித்தால் நேரம் ஏறத்தாழ 2.085 மடங்கு ஆகிறது. எனவே 20 கிலோமீட்டருக்கு 120 நிமிடம் போதாது. 125 நிமிடம் வேண்டும். வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். தொலைவு பெருகும்பொழுது அதுவும் பெருகும். அண்ணாமலையை ஒரு முறை, தம்மால் இயன்ற அளவு முயன்று, 84 நிமிடத்தில் சுற்றும் ஒருவரை எடுத்துக்கொள்க. வெறும் பெருக்கலின்படி அவர் மாரத்தான் ஓட்டத்தை 4 மணி 13 நிமிடத்தில் முடிக்க வேண்டும். ரீகலின் வாய்பாடோ 4 மணி 30 நிமிடம் என்கிறது. நான்கு மணி நேரத்தில் முடிக்க விரும்புவோர் ஒரு சுற்றை ஏறத்தாழ 74 நிமிடத்தில் முடிக்கும் ஆற்றல் பெற்றிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் விடியற்காலையில் சாலையோரம் ஓடும் இளைஞர்களைக் காணலாம். அவர்களுள் பலர் காவலர் பணிக்கான உடல்திறன் தேர்வுக்கு ஆயத்தமாகிறவர்கள். அத்தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் கடக்க வேண்டும். அவ்வேகத்தின் கிலோமீட்டர் நேரம் 4 நிமிடம் 40 விநாடி. அதே வேகத்தில் 42 கிலோமீட்டரையும் ஓட முடிந்தால் மாரத்தான் 3 மணி 17 நிமிடத்தில் முடியும். ரீகலின் வாய்பாட்டிலிட்டால் விடை 4 மணி நேரம்! அதுவும், பல திங்கள் நெடுந்தொலைவு ஓடிப் பழகியவருக்கே பொருந்தும். 1500 மீட்டர் மட்டுமே ஓடிப் பழகியவர் அந்த நான்கு மணியையும் எதிர்பார்த்தல் கூடாது. வாய்பாடு வழிகாட்டும், வாய்பாடு ஓடாது.

கணக்கு இவ்வளவில் நிற்க, உடலுக்குள்ளேயே அமைந்துள்ள அளவைகளைக் காண்போம். அவற்றுள் முதன்மையானது மூச்சு. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை இடைமுறியாமல் பேச முடிந்தால், அது நெடுநேரம் தாங்கக்கூடிய வேகம். இரண்டு மூன்று சொற்களுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால், அது ஒரு மணி நேரம் தாங்கலாம். ஒற்றைச் சொல்லும் வாராதாயின், சில நிமிடங்களே தாங்கும். இச்சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டா. உடன் ஓட ஒரு நண்பர் போதும்.

அடுத்தது நாடி. ஓட்டத்தை நிறுத்திய உடனே மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடிக்கு எண்ணி, நான்கால் பெருக்கினால் ஒரு நிமிடத் துடிப்புக் கிடைக்கும். 220இலிருந்து வயதைக் கழித்தால் ஒருவருடைய மிகுதியான துடிப்புத் தெரியும் என்பர். அது தோராயமான கணக்கே, ஆளுக்கு ஆள் வேறுபடும். மூன்றாவது, உள்ளத்தின் மதிப்பீடு. சுவீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னார் போர்க் என்பவர், உழைப்பின் கடுமையை உழைப்பவரே எண்ணால் சொல்லுமாறு ஓர் அளவுகோலை வகுத்தார். அது 6இல் தொடங்கி 20இல் முடிகிறது. 6 என்பது ஓய்வு; 11 என்பது இலேசு; 13 என்பது சற்றுக் கடினம்; 20 என்பது இனி இயலாது என்னும் நிலை. வேடிக்கையாகத் தோன்றும் இவ்வெண்களுக்குக் காரணம் உண்டு. சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால், உடல்நலமுள்ள இளையோரின் நாடித்துடிப்புக்கு ஏறத்தாழ ஒத்துவரும். தன் உழைப்பைத் தானே மதிப்பிடுதல் வெறுங் கற்பனை இல்லை என்பதற்கு இது சான்று.

காலடியை எண்ணுதலும் பயன்தரும். ஒரு நிமிடத்தில் 170 அடி வைப்பவர், ஒவ்வோர் அடியிலும் ஒரு மீட்டர் கடந்தால், கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 53 விநாடி ஆகும். எண்ணிக்கை மாறாமல் நேரம் மட்டும் மிகுந்தால், அடியின் நீளம் குறைந்துவிட்டது, அதாவது களைப்பு வந்துவிட்டது என்று அறியலாம்.

இக்காலத்தில் செயற்கைக்கோள்களின் துணையால் தொலைவையும் வேகத்தையும் காட்டும் கைக்கடிகாரங்கள் வந்துவிட்டன. அவை பெரிதும் உதவுவன. ஆயினும் அடர்ந்த மரநிழலிலும் உயர்ந்த கட்டடங்களின் இடையிலும் அவை சற்றே பிழைபடும். அந்தந்த நொடியில் காட்டும் வேகம் ஏறியும் இறங்கியும் தடுமாறும். ஒரு முழுக் கிலோமீட்டரின் சராசரியே நம்பத்தக்கது. கருவியைப் பயன்படுத்தும் முறையைப் பின்லாந்து நாட்டுப் பாவோ நூர்மியிடம் கற்கலாம். அவர் கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டே பயிற்சி செய்வார். போட்டியிலும் அவ்வாறே ஓடுவார். உடன் ஓடுவோரைப் பார்ப்பதை விட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். 1924இல் பாரிசு ஒலிம்பிக்கில் 1500 மீட்டர், 5000 மீட்டர் ஆகிய இரண்டு ஓட்டங்களையும் ஒரே நாளில், ஏறத்தாழ ஒரு மணி நேர இடைவெளிக்குள் வென்றார். 1500 மீட்டர் ஓட்டத்தின் கடைசிச் சுற்று நெருங்கியபொழுது கடிகாரத்தைப் புல்தரையில் எறிந்துவிட்டார். அதன்பின் அவருக்கு அது தேவைப்படவில்லை.

அந்நிலையை அடைய ஒரு பயிற்சி உண்டு. கடிகாரத்தைப் பார்க்காமல் கோபுரத்தின் முன்னிருந்து அடி அண்ணாமலை வரை ஓட வேண்டும். அங்கே சேர்ந்ததும், எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்பதை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் சொன்னதற்கும் உள்ளதற்கும் சில நிமிட வேறுபாடு இருக்கும். பெரும்பாலும் மெல்ல ஓடியதாக எண்ணிய நாளில் விரைந்திருப்பர். விரைந்ததாக எண்ணிய நாளில் மெல்ல ஓடியிருப்பர். வாரந்தோறும் இதனைச் செய்து குறிப்பேட்டில் எழுதிவந்தால் வேறுபாடு சுருங்கும். தையற்காரரின் கண் துணியை அளப்பதுபோல், ஓட்டக்காரரின் மூச்சு வழியை அளக்கப் பழகும். முழுநிலா நாளில் மட்டும் இப்பயிற்சியை விட்டுவிட வேண்டும். அன்று பாதை முழுவதும் வலம் வருவோர்க்கு உரியது. மற்ற நாளிலும் வெறுங்காலுடன் நடப்போருக்கு வழிவிட்டு, ஓரமாகவே ஓடுதல் முறை.

உடலின் அளவை ஏன் இன்றியமையாதது என்பதை வெயில் காட்டும். மார்கழி விடியலில் ஒருவருக்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி எளிதாக இருக்கலாம். அதே வேகம் சித்திரையில் காலை எட்டு மணிக்குப் பெருந்துன்பமாகிவிடும். தசைகளுக்குச் செல்ல வேண்டிய குருதியின் ஒரு பகுதி, வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்குச் செல்கிறது. வியர்வையால் நீர் குறைகிறது. இதயம் அதே வேகத்திற்கு மேலும் விரைந்து துடிக்கிறது. கடிகாரம் இவற்றுள் ஒன்றையும் அறியாது. கடிகாரம் சொன்ன வேகத்தையே பிடிவாதமாகக் கொண்டால் மயக்கமும், அதனினும் கொடிய வெப்பத்தாக்கும் நேரலாம். வெப்பத்தாக்கு உயிரையும் பறிக்கக் கூடியது. தலை சுற்றினாலோ, சொல் குழறினாலோ அப்பொழுதே ஓட்டத்தை நிறுத்தி நிழலில் அமர வேண்டும். உடம்பைக் குளிர்ந்த நீரால் நனைத்து உதவி தேட வேண்டும். தாகத்திற்கேற்ப நீர் பருகலாம்; அளவின்றி நீரை மட்டுமே பருகினால் குருதியில் உப்பின் செறிவு குறைந்து அதுவும் இடராகும்.

பிறர் வேகத்தை இரவல் வாங்குவதால் நேரும் தீமைக்கு 1952இல் எல்சிங்கி ஒலிம்பிக்கில் நடந்தது சிறந்த எடுத்துக்காட்டு. செக்கோசுலோவாக்கியா நாட்டு எமில் சாட்டோபெக் அப்போட்டியில் 5000 மீட்டர், 10,000 மீட்டர் ஓட்டங்களில் வென்றிருந்தார். மாரத்தான் ஓட்டமோ அவருக்கு அதுவே முதல் முறை. ஆங்கில நாட்டு சிம் பீட்டர்சு அக்காலத்தில் மாரத்தானில் உலகிலேயே மிக விரைந்தவர். அவரையே பின்பற்றுவது என்று சாட்டோபெக் முடிவு செய்தார். பீட்டர்சோ தொடக்கத்திலேயே கடுவேகத்தில் சென்றார். வழியில் சாட்டோபெக் அவரை நெருங்கி, இந்த வேகம் சரிதானா என்று கேட்டார். களைத்திருந்த பீட்டர்சு, அவரைத் திகைக்கச் செய்ய எண்ணி, வேகம் போதாது என்று விடையிறுத்தாராம். சாட்டோபெக் அதனை நம்பி முன்னே சென்றுவிட்டார்! பீட்டர்சு ஏறத்தாழ 32ஆவது கிலோமீட்டரில் தசைப்பிடிப்பால் ஓட்டத்தைக் கைவிட்டார். சாட்டோபெக் 2 மணி 23 நிமிடம் 3 விநாடியில் வென்றார். கேட்டவர் உடலில் வலிமை எஞ்சியிருந்ததால் பிழைத்தார். அந்த விடையை நம்பி வேறொருவர் விரைந்திருந்தால் அவரும் சாலையோரத்தில் அமர்ந்திருப்பார்.

இனிப் பயிற்சி வேகத்தைப் பற்றி ஒரு சொல். குறிக்கோள் 5 நிமிடம் 41 விநாடி என்பதால் நாள்தோறும் அவ்வேகத்திலேயே ஓட வேண்டும் என்று கருதுவது பெரும்பிழை. பயிற்சியின் பெரும்பகுதி அதனினும் ஒரு நிமிடம் அளவு மெதுவாக, பேச்சு முறியாத வேகத்தில் நடைபெற வேண்டும். அண்ணாமலைச் சுற்றுக்கு 93 நிமிடம் அளவு எடுத்துக்கொள்ளலாம். இந்த மெல்லோட்டத்தில்தான் இதயம் வலுப்பெறுகிறது. தசைகளில் நுண்ணிய குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரிக்கும் திறன் வளர்கிறது. வாரத்தில் ஒரு நாள் விரைவும், ஒரு நாள் நெடுந்தொலைவும், இடையே ஓய்வும் இருந்தால் போதும். பெரும்பாலான மாரத்தான் போட்டிகளில் 18 வயது நிரம்பியவர்களையே சேர்த்துக்கொள்கின்றனர். வளரும் பருவத்து எலும்பும் மூட்டும் அவசரத்திற்கு ஏற்றவை அல்ல. பள்ளி மாணவர்க்கு 1500 மீட்டரும் 3000 மீட்டரும் அளவு பழகப் போதுமானவை.

இந்தியாவில் இக்கலையில் தேர்ந்தவர்களுள் ஒருவர் பீகாரில் பிறந்த சிவநாத் சிங். இந்தியப் படைவீரரான அவர் 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராம் இடம் பெற்றார். 1978இல் சலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். அந்த இந்தியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் முறியடிக்கப்படாமல் நின்றது. அவருடைய கிலோமீட்டர் நேரம் 3 நிமிடம் 8 விநாடி. அவ்வேகத்தில் ஓடுபவர் அண்ணாமலையை 44 நிமிடத்திற்குள் வலம் வந்துவிடுவார்; அவ்வாறே மேலும் இரு முறையும் வருவார்.

ஒரே சீரான வேகத்தின் ஆற்றலை 2019ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் வியன்னா நகரம் கண்டது. கென்யா நாட்டு எலியூட் கிப்சோகே அங்கே மாரத்தான் தொலைவை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினார். முன்னே சென்ற வண்டி ஒளிக்கற்றையால் சாலையில் கோடு காட்டியது. வேகம் காக்கும் துணை ஓட்டக்காரர்கள் மாறிமாறி உடன் வந்தனர். இவ்வுதவிகளால் அது முறையான உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை. ஆனால் அவர் ஓடிய ஏறத்தாழ ஒவ்வொரு கிலோமீட்டரும் 2 நிமிடம் 48 விநாடிக்கும் 2 நிமிடம் 52 விநாடிக்கும் இடைப்பட்டே இருந்தது. முதற் கிலோமீட்டருக்கும் நாற்பதாவது கிலோமீட்டருக்கும் வேறுபாடு நான்கு விநாடிக்கு மேல் இல்லை.

நான்கு மணி நேரத்தைக் குறிக்கோளாகக் கொண்டவருக்கு ஒளிக்கோடு காட்ட எவரும் வருவதில்லை. அவர் முதற் சுற்றில் வேண்டுமென்றே தம்மைப் பின்னிழுத்துக்கொள்ள வேண்டும். 80 நிமிடம் ஆனாலும் கவலையில்லை. பலர் அவரைக் கடந்து செல்வர், செல்லட்டும். இரண்டாம் சுற்றிலும் மூச்சு முறியாதிருக்க வேண்டும். மூன்றாம் சுற்றில் வருணலிங்கத்தைத் தாண்டி அடி அண்ணாமலைக்குள் நுழையும்பொழுது, முன்பு தம்மைக் கடந்து சென்றவர்களுள் சிலர் நடந்து செல்வதைக் காண்பார். அங்கிருந்து கிழக்குக் கோபுரத்திற்கு இன்னும் ஏறத்தாழ ஆறு ஏழு கிலோமீட்டர். எஞ்சிய வலிமையைச் செலவிட வேண்டிய இடம் அதுவே.